மேஜைக் காலுக்கு ஓர் அட்டை

ஹலோ... நெவில், வெர்னா பேசுறேன். ... ஆமா ஆமா, என் தங்கச்சி நல்லாத்தான் இருக்கா. இங்க மெல்பர்ன்லயும் மழைதான். அத விடு. என் ஜாடியத் தொட்டியா? ... பொய் சொல்லாத. ஜாடிக்கு முன்னால வச்ச கேமரா மணிக்கு ஒரு படம் என் போனுக்கு அனுப்புது, மறந்துட்டியா? ... மயில்துத்தக் கரைசல்ல நூல்ல கட்டி விட்ட படிகக் கல்லு நடுவுல தொங்குனாத்தான் நாலு பக்கமும் ஒழுங்கா வளரும். இப்ப நூல் சாஞ்சு, கல்லு கண்ணாடியில ஒட்டிக்கிட்டு நிக்குது. கண்காட்சிக்கு வச்சிருந்தது, போச்சு.

... தொடவே இல்லையா? சரி சரி, கத்தாத. ... மேஜைக் காலுக்கு அட்டையா? என்ன அட்டை? ... பீர் கிளாஸுக்கு அடியில வைக்கிறதா? எதுக்கு? ... ஒரு பக்கமா சாஞ்சுதா. ... தினமும் ஒண்ணா? நெவில், தினமுமா? ... புரியுது, என் படம் நேரா வரணும்னுதான் வச்சே. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லித் தொலைக்கிறதுதானே.

இரு. மேஜை ஏன் தினமும் சாயுது? ... மேஜை பழசுன்னு சொல்லாத. ஒரு ஆரஞ்ச எடுத்துத் தரையில வை. ... சும்மா வை, சொல்றேன். ... எந்தப் பக்கம் உருண்டுச்சு? ... நீ தள்ளலையே?

நெவில், நான் சொல்றதக் கேளு. பக்கத்து வீட்டு டோரீனோட துணி காயப்போடுற கொடிக்கம்பம் போன குளிர்காலத்துல மண்ணுக்குள்ள இறங்குச்சே. அடியில பழைய தங்கச் சுரங்கம்னு ஜல்லியக் கொட்டி மூடிட்டுப் போனாங்களே. ... ஆமா. ஆமா, நம்ம வீட்டுக்கு அடியிலயும்தான் இருக்கும். வெளிய வா. ... ஷூ எல்லாம் வேணாம், அப்படியே வா.

... என்னத்தத் தூக்கிக்கிட்டு வர்ற? ... ஜாடியக் கீழ வை. ... வைய்யா. எனக்குக் கல்லு வேணாம், நீ வேணும்.

... வாசக் கதவு திறக்கலையா? வீடு சாஞ்சதுல நிலை இறுகியிருக்கும். அத இழுத்துக்கிட்டு நிக்காத, ஜன்னல உடை. நாற்காலி இருக்குல்ல. ... எனக்கும் பயமாத்தான் இருக்கு. பேசிக்கிட்டே செய்.

... ஆ, கண்ணாடி உடைஞ்சது கேட்டுச்சு. அப்பாடா. காலப் பாத்து வச்சு ஏறிக் குதி. ... என்ன? ... நாற்காலிய இன்னும் தூக்கவே இல்லையா?

நெவில்... அப்ப எது உடைஞ்சுது?

... நெவில்?

ஹலோ... ஹலோ...