முட்டியில் சைக்கிள் டியூப்

ஓட்டல் வேலை ஒத்துவராமல் ராபர்ட்சன்பேட்டையை விட்டுத் தங்கச் சுரங்கம் இருக்கும் கோரமண்டல் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். முன்னால் ஒரு சுரங்கத் தொழிலாளியும் அவர் மனைவியும் போனார்கள்.

"டியூபைக் கிழிச்சி முட்டியில கட்னா வலி போயிடுமா? அவுத்துப் போடுய்யா."

"கட்னதாலதாம்மே நடக்கறேன். நாளைக்கி டாக்டரு குந்தி எழுந்திருக்கச் சொல்வாரு. முடியலன்னா சுரங்கத்துல எறக்கற கேஜ்ல ஏத்தமாட்டாங்க. மேலயே கூட்டற வேலதான்."

"கூட்டனா இன்னா? உசுராவது மிஞ்சும்."

"டிரில் புடிச்ச கையில தொடப்பமா?"

"டாக்டரு டியூபைப் பாத்துட்டா?"

"பேண்ட்டுக்குள்ள யாரு பாக்கறாங்க?"

"எங்க, இப்பக் குந்து."

அவர் பாதையோரம் குந்தினார்.

"பாத்தியா? வலியே இல்ல."

"எழுந்திரு."

"இரு."

"எழுந்திருய்யா!"

"காலு இருக்கறதே தெர்லமே. மரத்துப்போச்சி."

அந்த அம்மாள் உட்கார்ந்து, அவர் வேட்டியை ஒதுக்கி, பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தார். நான் தாண்டிப் போனேன்.

மறுநாள் காலை வேலை கேட்டு, கேஜ் இறங்கும் ஷாஃப்டுக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்று டாக்டரிடம் குந்திக் காட்டியவர் அந்தத் தொழிலாளிதான். பேண்ட் முட்டியில் புடைத்திருந்தது; மறுபடியும் டியூபைக் கட்டியிருந்தார். சுவரைப் பிடித்துத்தான் எழ முடிந்தது.

அடுத்து நான் குந்தி எழுந்தேன். கேஜில் அவருடைய இடத்தை எனக்குக் கொடுத்தார்கள்.