ஆட்சேபணை இல்லை

— லிஃப்ட் இருக்கும்போது மூணு மாடியும் ஏறியா வந்தே?

— எனக்குப் படிதான் அக்கா. புது லிஃப்ட், நல்ல லிஃப்ட்டுதான். கீழே கதவை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தேன், பூட்டு கெட்டியா இருக்கு. ஆனா உள்ளே கால் வைக்க வரல.

— எனக்கும் அப்படித்தான். எட்டு வருஷமா ஏறி இறங்கிட்டுத்தான் இருக்கேன். மேல் வீட்டுக்காரங்க சொல்லிச் சொல்லி அலுத்துட்டாங்க. சரி, இருக்கட்டும். அந்த நாற்காலியில உக்காராதே தம்பி, கால் ஆடும். இதுல உக்காரு.

— என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திடுவீங்கன்னு நெனச்சேன்.

— சாத்தத்தான் கை போச்சு. ரொம்ப இளைச்சுட்டே. அதைப் பார்த்ததும் சாத்த முடியல. கையில என்ன பேப்பர்?

— அது இருக்கட்டும் அக்கா. மொதல்ல வேற ஒண்ணு சொல்லணும், எட்டு வருஷம் முந்தியே சொல்லியிருக்கணும். அண்ணனை எடுத்த அன்னைக்கு நான் வரல.

— வந்தே. எதிர்ல மருந்துக் கடை வாசல்ல நின்னே. கட்டம் போட்ட சட்டை.

— பார்த்தீங்களா?

— ஜன்னல் வழியாப் பார்த்தேன். உன்னைக் கூப்பிடலாம்னு கையைக்கூடத் தூக்கினேன். இந்தக் கட்டடத்துச் சங்கத்து வக்கீல் பக்கத்துலயே நின்னார். அந்த ஆள்கிட்ட ஒரு வார்த்தை பேசாதீங்கம்மா, கேஸ் கெட்டுடும்னார். தூக்கின கை தானா இறங்கிடுச்சு.

— என் வக்கீலும் அதேதான் சொன்னார். நீ போய் நின்னா, மனசு உறுத்திப் போனான்னு சொல்வாங்க. நீ அழுதா அது அவங்களுக்குச் சாட்சி. மன்னிச்சிடுங்கன்னு ஒரு வார்த்தை வாய்ல வந்துச்சுன்னா அதுவே வாக்குமூலம்னார். நான் படிக்காதவன். சட்டம் தெரிஞ்சவர் சொல்றாரேன்னு நின்ன இடத்துலயே நின்னேன். வண்டி கிளம்பி, வளைவு திரும்புற வரைக்கும் நின்னேன். அண்ணன் டார்ச் பிடிக்காம இந்தக் கட்டடத்துல நான் ஒரு நட்டு முடுக்கினது கிடையாது. நான் லிஃப்ட் பள்ளத்துக்குள்ள இறங்கினா மேலே குந்திக்கிட்டு கதை சொல்லுவார். பாதி கதை ஏற்கெனவே சொன்னதா இருக்கும்.

— எல்லாம் எனக்குச் சொன்ன கதைங்கதான். நான் காது குடுக்கலைன்னுட்டு உன்கிட்ட வந்து சொன்னார். நீ பள்ளத்துல இருந்தே, தப்பிச்சு ஓட முடியாது.

— நான் ஓட நெனச்சதே இல்ல அக்கா. மன்னிச்சிடுங்க. இதைத்தான் சொல்ல வந்தேன்.

— ம். இப்ப எங்க இருக்கே, என்ன பண்றே?

— ஒரு கிடங்குல காவல். லைசன்ஸைப் பிடுங்கிட்டாங்களே, லிஃப்ட் பக்கம் போக முடியாது. கிடங்குல பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் கிடையாது. ஒரு கதவைப் பூட்டினா நாலு தடவை திரும்பிப் போய்ப் பாக்குறேன், பூட்டினேனான்னு. பூட்டித்தான் இருக்கும். ஆனாலும் போவேன்.

— அது எப்போலேருந்து?

— கோர்ட்லேருந்துதான். அன்னைக்குக் காலையில இந்த மாடிக் கதவோட பூட்டு தேஞ்சு கிடந்துச்சு. லிஃப்ட் பெட்டி கீழே நின்னாலும் இங்க இழுத்தாக் கதவு திறந்துக்கும். புதுப் பூட்டு வாங்கிட்டு வர சாயங்காலம் ஆகும். லிஃப்டை நிறுத்தினேன், 'பழுது, திறக்காதீர்கள்'னு சிவப்புப் பலகையைக் கம்பியில கட்டி உங்க வாசல் எதிர்லயே மாட்டினேன். அப்படித்தான் சொன்னேன் கோர்ட்டுல. பலகை எங்கேன்னு கேட்டாங்க. யாரும் பார்க்கல. தேடினதுல கிடைக்கவும் இல்ல. அப்புறம் உங்களைக் கூப்பிட்டாங்க. பலகையைப் பார்க்கலைன்னு நீங்க சொன்னீங்க.

— சொன்னேன்.

— அங்கதான் அக்கா எனக்கு ஆட்டம் கண்டுடுச்சு. மத்தவங்க சொன்னப்போ கோபம்தான் வந்துச்சு. நீங்க சொன்னப்போ பயம் வந்துச்சு. நீங்க பொய் சொல்ற ஆள் இல்ல. அப்போ நான் மாட்டலையோன்னு ஆயிடுச்சு. பதினாலு மாசம் உள்ளே இருந்தேனே, தினம் அதே நெனப்புதான். கம்பியை முறுக்கினது விரலுக்கு ஞாபகம் இருக்கு. ஆனா அது அன்னைக்கு முறுக்கினதா, போன மாசம் முறுக்கினதா? வெளிய வந்ததும் என் வீட்டுக்காரி ஒரே ஒரு தடவைதான் கேட்டா, நிஜமா மாட்டினீங்களான்னு. ஆமான்னு சொல்ல எனக்கு வாய் வரல. முகத்தைத் திருப்பிக்கிட்டேன். அவ அவங்க அண்ணன் வீட்டுக்குப் போய் நாலு வருஷம் ஆச்சு.

— தண்ணி குடி.

— வேணாம் அக்கா. இப்ப லைசன்ஸ் குடுக்கிற ஆபீஸ்ல, மறுபடி கேக்கலாம்னு சொல்றாங்க. இறந்தவர் வீட்லேருந்து ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்து வாங்கிட்டு வரணுமாம். அதுக்குத்தான் இந்தப் பேப்பர். உங்களுக்கு இஷ்டம் இருந்தா மட்டும்தான்.

— குடு. கண்ணாடியை எங்க வச்சேன்... ம். 'மேற்படி நபரின் கவனக்குறைவால் என் கணவர் மரணமடைந்தார். அவர் செய்த தவறை நான் மனமுவந்து மன்னித்துவிட்டேன். அவருக்கு மீண்டும் உரிமம் வழங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.' யார் எழுதினது இது?

— ஆபீஸ்லயே அச்சடிச்சு வச்சிருக்காங்க. பேரை மட்டும் நிரப்பணும்.

— இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன் தம்பி.

— சரி அக்கா.

— என்ன, சரின்னுட்டே?

— கேட்டிருக்கவே கூடாது. ஆளைப் பறிகொடுத்தவங்க நீங்க. நேர்ல மன்னிப்புக் கேட்டுட்டேன், அது போதும். நான் வர்றேன்.

— உக்காரு. நான் இன்னும் முடிக்கல. முப்பது வருஷம் ஆபீஸ்ல டைப் அடிச்சவ நான். பொய்னு தெரிஞ்ச வரிக்குக் கீழே ஒரு தடவைகூடக் கையெழுத்துப் போட்டதில்ல. கோர்ட்டுல போட்டதைத் தவிர.

— புரியல அக்கா.

— அன்னைக்கு மத்தியானம் நல்ல காத்து. படிக்கட்டு ஜன்னல்ல கண்ணாடி உடைஞ்சு கிடந்துச்சு. அந்தப் பலகை கதவுல டப்பு டப்புன்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அவர் ராத்திரி வேலை முடிச்சு விடியக்காலையிலேயே வந்து படுத்திருந்தார். ரெண்டு தடவை புரண்டு படுத்தார். பாவம், தூங்கட்டுமேன்னு போய்க் கம்பியை அவுத்து, பலகையை உள்ளே கொண்டு வந்து வச்சேன். எழுந்ததும் அவர்கிட்ட சொல்லிட்டு மறுபடி மாட்டிடலாம்னு நெனச்சேன். அடுப்படியில வேலையா இருந்தேன். அவர் எழுந்தது தெரியல, செருப்பை மாட்டினது தெரியல. இந்த மாடி பல்பு வேற எரியல, வெளிய இருட்டு. விழுந்த சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.

— தேடினப்போ பலகை இங்கயா இருந்துச்சு?

— ரெண்டு நாள் கழிச்சு அந்த வக்கீல்கிட்ட சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திட்டு வந்தார். இதை நீங்க என்கிட்ட சொல்லல, நான் கேக்கவும் இல்லைன்னார். வெளிய சொன்னா உங்களைத்தான் கொண்டு போவாங்க, அப்பாவும் போய் அம்மாவும் போனா பொண்ணு யார் வாசல்ல நிப்பான்னு கேட்டார். அவளுக்கு அப்போ பதினாறு. பலகையை அவரே எடுத்துட்டுப் போனார். நான் கூண்டுல ஏறி, பார்க்கலைன்னேன். உன் முகத்தையும்தான் பார்க்கல.

— அப்போ நான் மாட்டியிருக்கேன்.

— மாட்டியிருந்தே. இறுக்கித்தான் முறுக்கியிருந்தே. அவுக்கிறதுக்குள்ள எனக்கு நகம் பேந்துடுச்சு.

— என் வீட்டுக்காரிகிட்ட நான் ஆமான்னு சொல்லியிருக்கலாம் அக்கா.

— சொல்லியிருக்கலாம். பேனா வச்சிருக்கியா? இதைத் திருப்பு, பின்பக்கம் காலியாத்தான் இருக்கு. நடந்ததை அப்படியே எழுதித் தர்றேன். ஆபீஸ்லயும் குடு, அவகிட்டயும் காட்டு.

— இதை எழுதினா உங்களைக் கூண்டுல ஏத்துவாங்க. எனக்குத் தெரியும், நான் போய் வந்தவன். எழுதாதீங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல. எழுதுங்கன்னு சொல்லவும் வாய் வரல.

— நீ ஒண்ணும் சொல்ல வேணாம். பொண்ணு கல்யாணமாகி ஊரைத் தாண்டிப் போயிட்டா, வாரத்துல ஒரு நாள் போன் பண்ணி உடம்பு எப்படி இருக்குன்னு கேப்பா, அவ்வளவுதான். அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு இந்த எட்டு வருஷத்துல என்கிட்ட ஒருத்தரும் கேட்டதில்ல தம்பி. போலீஸாவது வந்து உக்காந்து கேக்கட்டும்.