யதுர்ஷனின் வலது தோள்

இந்தப் பொலிஸ் நிலையத்துத் தேத்தண்ணிக்கு ஆரோ சீனி போட்டுவிட்டார்கள், பிள்ளை. எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. பரவாயில்லை, இருக்கட்டும். அந்த அதிகாரி அம்மாவுக்கு இதை மொழிபெயர்க்க வேண்டாம். பாவம், அன்பாகத் தந்தவ.

உங்கள் பெயர் துஷாந்தினி என்றீர்கள். ஊரில் எவடம்? சொல்லக்கூடாதோ? சரி. மொழிபெயர்க்க வந்தவர்கள் சொந்தக் கதை கதைக்கக்கூடாதாக்கும். நான் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் பிரெஞ்சில் சொல்லுங்கள். கூட்டிச் சொல்வது என் வேலை என்று டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் எங்கள் தெருவே சொல்லும். ‘இந்திராதேவிக்குத் தெரிஞ்சால் பேப்பரில வந்த மாதிரி’ என்று முகத்துக்கு நேரேயே சொல்வார்கள். அதில் பொய் இல்லை. ஆர் வீட்டுக்குப் புதுச் சோபா வந்தது, ஆரின் மருமகள் ஆரோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை, எல்லாம் எனக்குத் தெரியும். குசினி யன்னல் அப்படி அமைந்துவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய?

யன்னலுக்கு நேரே அஜந்தா வீட்டுப் பின்வளவு. அவளுடைய புருசன் நகுலேஸ்வரன் லொறி ஓடுபவர். வீட்டில் நிற்பதைவிட நெடுஞ்சாலையில் நிற்பதுதான் கூட. ஒரே பிள்ளை யதுர்ஷன், பதினெட்டு வயது. என்னுடைய மனிசன் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் ரதீசன் கல்கரியில் இருக்கிறான்; தீபாவளிக்கு ஒரு படம் அனுப்புவான். பின்னேரங்களில் அஜந்தா என் குசினிக்கு வருவாள், இல்லாவிட்டால் நான் அங்கே போவேன். யதுர்ஷன் பாதி அங்கே வளர்ந்தான், பாதி என் வீட்டில்.

அவன் அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடுபவன். காலால் உதைக்கிற பந்தில்லை. நீட்டுப் பந்து, கையால் எறிவது. அணியில் அவன்தான் குவாட்டர்பாக். அவன் எறிந்தால்தான் மற்றவன் ஓடிப் பிடிக்கலாம். அத்தனை தடியன்களும் அந்த ஒரு கையை நம்பித்தான் நிற்பார்கள். பின்வளவில் பழைய ரயர் ஒன்றைத் தொங்கவிட்டு அதற்குள்ளால் எறிந்து பழகுவான். நான் பாத்திரம் கழுவியபடி பார்ப்பேன். முதலில் தோளால் மட்டும்தான் எறிவான். பந்து, சாகப்போகிற பம்பரம் மாதிரித் தள்ளாடும். பேந்து காலை ஊன்றி இடுப்பைத் திருப்பி எறியப் பழகினான். போன கோடையில் பந்து திருகாணி போலச் சுழன்று, கோடு கீறினமாதிரிப் போய், ரயருக்குள் புகுந்து மரவேலியில் அடிக்கும். என் அலுமாரிக் கோப்பைகள் கிணுகிணுக்கும். ஆரும் படிப்பிக்காமலே எனக்கு அந்தக் கையின் போக்கு பிடிபட்டுவிட்டது. ஊர்க் கலியாணங்களில் ஆர் ஆரோடு கோபம் என்று பார்த்தே சொல்லுகிறவளுக்கு இது பெரிய வித்தையா?

இலையுதிர் காலம் தொடங்க ஒரு செய்தி வந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து அவனுடைய கையைப் பார்க்க ஆள் வருகிறார். பிடித்துப்போனால் படிப்பும் இருப்பும் சாப்பாடும் அவர்களுடைய பொறுப்பு. அதோடு அஜந்தாவின் நடையே மாறிவிட்டது. கோயிலில் அருச்சனைத் தட்டை நீட்டும்போது பேர் நட்சத்திரத்தோடு அமெரிக்காவையும் சேர்த்துச் சொன்னாள். ஐயர் பாவம், அதையும் சமஸ்கிருதத்தில் போட்டு முழக்கினார். அதையெல்லாம் நான் பொறுத்தேன். ஒருநாள் என் மேசையில் இருந்து, என் வடையைக் கடித்தபடி சொன்னாள்:

“அவன் போனால் நாங்களும் வீட்டை வித்துப்போட்டுப் பின்னால போறதுதான், அக்கா. இஞ்ச எங்களுக்கு ஆர் இருக்கினம்?”

நான் அவளுக்கு முன்னால்தான் இருந்தேன்.

“ஓமடி, ஆர் இருக்கினம்?” என்றேன். இன்னொரு வடையும் வைத்தேன்.

கொஞ்ச நாளில் பந்து மாறியது. முழங்கை பதிந்து வந்தது. ரயரின் கீழ் விளிம்பில் பட்டது, பந்தின் வால் ஆடியது. பயிற்றுநர் றெனோல்டுக்குத் தெரியவில்லை, பெற்ற தாய்க்கும் தெரியவில்லை. நான் வேலிக்குப் போய்க் கேட்டேன்.

“தோள் நோகுதோடா?”

பெடியனின் முகம் செத்துப்போய்விட்டது. “அம்மாட்ட சொல்லாதேங்கோ அன்ரி. நாளைக்குக் கோச்சிட்டச் சொல்லப்போறன். ஒரு மாசம் எறிய வேண்டாமெண்டு சொல்லுவார். பரவாயில்லை. அந்த அமெரிக்காக்காரர் கோடைக்கு முதல் திருப்பியும் வருவாராம்.”

எவ்வளவு புத்தியான பிள்ளை பாருங்கள். தன் நிலைமையைத் தானே சரியாக மதிப்பிட்டிருந்தான்.

“விசரோ உனக்கு? வருத்தக்காரன் எண்டு ஒருக்கா எழுதினா எழுதினதுதான். வாயைத் திறவாதை. நான் எண்ணெய் பூசி உருவி விடுறன்,” என்றேன்.

நான் சொன்னால் கேட்பான். அன்றுதான் என் சீவியத்தில் முதல்முறையாக ஒரு கதையை ஆருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். தொலைபேசியை எடுப்பேன், வைப்பேன். அது லேசான காரியமில்லை, பிள்ளை. இதையும் எழுதச் சொல்லுங்கள்.

கந்தசஷ்டி வந்தது. அஜந்தா மகனுக்காக ஆறு நாளும் விரதம். இரவில் ஒரு மிடறு பால், பகல் முழுக்கக் கோயில். விரத வீட்டில் மச்சம் சமைக்கக்கூடாது. றெனோல்டோ பெடியனை இறைச்சியும் முட்டையும் தின்னச் சொல்லியிருந்தார். “அக்கா, விரதம் முடியுமட்டும் அவனுக்கு உங்கட பக்கம் சாப்பாடு குடுங்கோ,” என்று அஜந்தாவே வந்து கேட்டாள். நானாகப் போய்க் கேட்கவில்லை. எனக்குச் சீனி வருத்தம் என்றபடியால் விரதமும் இல்லை. எல்லாம் தன்பாட்டில் அமைந்துவந்தது.

எனக்கு முன்னர் முழங்காலில் ஒப்பரேசன் நடந்தது. அப்போது நோவுக்குத் தந்த குளிசைகள், அந்த வலி மாத்திரைகள், மிச்சம் இருந்தன. பொல்லாத குளிசை, போட்டால் கால் ஒன்று இருப்பதே மறந்துபோகும். அதை இடித்துக் கோழிச் சூப்பில் கரைத்தேன். மிளகு கொஞ்சம் கூடினால் கைப்புத் தெரியாது. யதுர்ஷன் இரண்டாம் கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தான்.

விரதம் பாதி போக முதலே அவன் முகம் தெளிந்துவிட்டது. “தோள் நோ போயிட்டுது அன்ரி. அம்மான்ர விரதம் வேலை செய்யுது,” என்றான். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றவே அலுத்துக்கொள்கிற பெடியன், அந்தக் கிழமை திருநீறு பூசிக்கொண்டு பயிற்சிக்குப் போனான்.

“முருகன் கைவிடமாட்டார்,” என்றேன்.

ஆனால் பந்து பொய் சொல்லாது. வால் முன்பைவிட மோசமாக ஆடியது. நோதான் போயிருந்தது, தோள் மாறவில்லை. முழுப் பலத்தோடு தூரத்துக்கு எறிந்தால் அது தாங்காது என்று எனக்கு நன்றாகவே விளங்கியது. விளங்கிக்கொண்டுதான் அடுத்த நாள் சூப்புக்கு வெங்காயம் வெட்டினேன்.

சூரன்போர் அன்றுதான் அமெரிக்காக்காரர் வந்தார். அஜந்தா கோயிலில். நகுலேஸ்வரன் லொறியோடு மனிற்றோபாவில். செயின்ட்-மிஷேல் பக்கம் கூரை போட்ட ஒரு மைதானம். நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். சுடுதண்ணிப் போத்தலில் சூப் கொண்டுபோனேன், காருக்குள்ளேயே குடித்தான்.

அமெரிக்காக்காரர் தொப்பி போட்ட மெலிந்த மனிசன், பந்தின் வேகத்தை அளக்கிற கருவியோடு நின்றார். கிட்ட எறிந்தது எல்லாம் நல்லாய்ப் போனது. தூரம் கூடக் கூட றெனோல்டின் புருவம் சுருங்கியது. அவர் கிட்ட வந்து, தோள் சுகமா என்று பெடியனைப் பிரெஞ்சில் கேட்டார். பெடியன் என்னைப் பார்த்தான். அவரும் திரும்பி என்னைப் பார்த்தார். கூட வந்த பெரிய ஆள் நான்தானே.

“உய், உய், சா வா,” என்றேன். ஓம், சுகம்தான் என்று சொல்கிற அளவுக்குப் பிரெஞ்சு எனக்கும் தெரியும்.

றெனோல்ட் பந்து விழப்போகிற மற்றக் கரைக்கு நடந்தார். யதுர்ஷன் பின்னால் சாய்ந்து, முழுப் பலத்தையும் கூட்டி எறிந்தான். பந்து பாதி வழியில் விளக்குமாறு மாதிரி விழுந்தது. அவனுடைய வலது தோள் இருந்த இடத்தில் இல்லை. கொஞ்சம் இறங்கி, முன்னுக்குத் தள்ளி நின்றது.

அவன் கத்தவில்லை. குளிசை அவ்வளவு நல்ல குளிசை. கை வழுக்கிவிட்டது என்று நினைத்தானாக்கும். வெட்கத்தோடு சிரித்து, இன்னொரு பந்தைக் கேட்டு வாங்கினான். அமெரிக்காக்காரர் கருவியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். தோளைக் கண்டது நான் ஒருத்திதான். ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். தெருவின் இந்தத் தொங்கலில் இருந்து அந்தத் தொங்கலுக்குக் கேட்கிற குரல் எனக்கு.

நான் சூப் போத்தலின் மூடியைத் திருகி மூடினேன். அவன் எறிந்தான்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். எலும்போடு ஒட்டியிருந்த நார்கள் அறுந்து, நரம்பும் இழுபட்டுவிட்டதாம். இனிப் பந்தில்லை, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துவதே சந்தேகமாம். இரத்தத்தில் மருந்து இருந்தது. என்ன குடித்தாய் என்று டொக்டர் கேட்க, அன்ரியின் சூப்பைத் தவிர ஒன்றுமில்லை என்றிருக்கிறான். அதுவும் உண்மை.

ஏன் செய்தேன் என்று அந்த அதிகாரி அம்மா கேட்கிறா. நியாயமான கேள்வி. பொறாமை என்று எழுத வேண்டாம்; அவனை நல்லாய் வைத்திருக்கிற ஆசை எனக்கு அஜந்தாவைவிடக் கூட. தெரியாத ஊரில், தெரியாத ஆட்களுக்காக அந்தக் கை என்றோ ஒருநாள் உடையத்தான் போகுது. இங்கே என்றால் பார்க்க ஆள் இருக்கிறது. குளிசையை நான்தான் போட்டேன். தெரிந்துதான் போட்டேன். எந்த இடத்தில் சொல்கிறீர்களோ அந்த இடத்தில் கையெழுத்து வைக்கிறேன்.

இன்னும் ஒரே ஒரு விசயம், பிள்ளை. அஜந்தா வெளியில் போட்டிருக்கிற வாங்கில் இருக்கிறாளாம். வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்றும், பெடியன் இடக்கையால் கரண்டி பிடித்துப் பாதியை மடியில் கொட்டுகிறான் என்றும் கேள்விப்பட்டேன். அவளிடம் கேட்டுச் சொல்லுங்கள்: பின்னேரம் நான் சோறு குழைத்துக்கொண்டு வந்து அவன் வாயில் தீத்திவிடுகிறேன். அந்தப் பிள்ளை என் கையால் கொடுத்த எதையும் வேண்டாம் என்று சொன்னதே இல்லை.