செத்த புரோகிராமுக்குக் காவல்

காரிமங்கலத்திலிருந்து தர்மபுரி போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் கரும்பு ஆலையின் கம்ப்யூட்டர்காரர்கள் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"செத்ததுக்குப் போய் நேத்து நாள் முழுக்கக் காவல் இருந்தோமே, பாய்!"

"கரண்ட் போனப்பவே, கரும்பு வண்டிக்கு எடைச்சீட்டு போடுற புரோகிராம் செத்துடுச்சுங்க. 'ஓடுறேன்'னு அது எழுதி வெச்ச ஃபைல் மட்டும் கெடந்துச்சு. திரும்ப ஓட விட்டா, அதைப் பாத்துட்டு 'முன்னாலயே ஒண்ணு ஓடுது'ன்னு நின்னுக்கிச்சு. நாமளும் அதை நம்பி, ஓடுறது முடியட்டும்னு காத்துக் கெடந்தோம்."

"இனிமே?"

"ஃபைலை நம்பாம, நெசமாவே ஓடுதான்னு மெஷினையே கேக்குற மாதிரி மாத்தி எழுதிட்டேனுங்க. வெயில்ல நின்ன வண்டிமாடுங்கதான் கண்ணுலயே நிக்குது."

அதில் ஒரு வண்டி என்னுடையது. கரும்பு காய்ந்து எடை இறங்கிப்போனது. எவனையாவது அறையத்தான் ஆலைக்குக் கிளம்பியிருந்தேன்.

ஆலை வாசலில் அவர்கள் இறங்கினார்கள். நான் தர்மபுரிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.