எஞ்சின் படகில் பழைய கை

பரமத்தி வேலூரில் நாமக்கல் பஸ்ஸுக்கு நின்றேன். எனக்கு முன்னால் பதினொரு பேர். அவர்களில் ஒருவர் காவிரியில் ஆள் ஏற்றி அக்கரை சேர்க்கும் படகுக்காரர், அறுபது வயதிருக்கும். தம் தங்கை புருஷனிடம் அவர் சொன்னார்:

"கல்யாணக் கூட்டத்தைச் சுடுகாட்டுத் துறையில கொண்டுபோய் எறக்கிட்டேனுங்க, மாப்ள."

"ஏனுங்க மச்சான், எஞ்சின் கெட்டுப்போச்சுங்களா?"

"அது நல்லாத்தான் ஓடுச்சு. முப்பது வருசம் பாய்ப் படகு ஓட்டுன கை பாருங்க. பாயை எறக்குற எடம் வந்ததும் எஞ்சினை நிறுத்திப்போட்டேன். முந்தியெல்லாம் மீதித் தூரத்துக்கு மூங்கில் கழி ஊனுவோம். இதுல கழி ஏதுங்க? மறுபடி எஞ்சினைக் கெளப்பறதுக்குள்ள தண்ணி இழுத்துட்டுப் போயிருச்சு."

"பொண்ணு ஊட்டுக்காரங்க சும்மா உட்டாங்களா?"

"முகூர்த்தத்துக்கு ஓடோணுமே. ஏசறதுக்கு அவங்களுக்கு நேரம் பத்தல."

"மொதலாளி வேலையை உட்டு நிறுத்திட்டாருங்களா?"

"இல்லீங்க. எஞ்சினை வேற ஆளுகிட்டக் குடுத்துட்டாரு. நான் முன்னால உக்காந்து, மணல்திட்டு எங்கிருக்குதுன்னு கை காட்டுனாப் போதுமாம்."

"அதுவும் நல்லதுதானுங்க. இந்த வயசுல கை நோகாது."

"நோகாதுங்க. நேத்து ஒருத்தர் பக்கத்துல வந்து உக்காந்து, 'பெரியவரே, நீங்க எங்க போறீங்க'ன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அக்கரைக்குன்னு சொன்னேனுங்க."