ஈத்தங்குளத்து வரலாறு: பதினோராம் பக்கம்

— இந்தப் பதினோராம் பக்கத்தை மட்டும் நான் அடிக்க மாட்டேன் அண்ணாச்சி. பத்துப் பக்கம் பல்லைக் கடிச்சிக்கிட்டு அடிச்சாச்சு. இது முடியாது.

— என்ன பிள்ள இப்படிச் சொல்லுத? சாயங்காலம் ஆறு மணிக்கு வடாலா ப்ரெஸ்ஸுக்கு ஃபைல் போவணும். ஞாயித்துக்கெழமை சங்கத்துக்கு இருபத்தஞ்சாம் ஆண்டு விழா. மலர் புஸ்தகம் இல்லாம மேடையில நான் எதைத் தூக்கிக் காட்ட?

— உங்க கையைத் தூக்கிக் காட்டுங்க. மும்பை வாழ் ஈத்தங்குளம் ஊர்ப் பொதுமக்கள் சங்கச் செயலாளர் இசக்கிதுரையோட கை. நாலு மோதிரம் கெடக்குல்லா, தூரத்துல இருந்தே தெரியும்.

— விஜயராணி, தாராவியில தமிழ் டைப் அடிக்க நீ ஒருத்திதான் இருக்கன்னு நெனச்சிக்கிடாத.

— வேற யாரு இருக்கா? நைன்ட்டி ஃபீட் ரோட்டுல இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் நடந்து பாத்துட்டு வாங்க. வந்தனா கடையில கேட்டா மராத்தியில கல்யாணக் கார்டு அடிச்சித் தருவா. ஊர் வரலாறை மராத்தியில போடுதியளா?

— உன் வாய்க்கு ஒரு பூட்டு இல்ல. சரி, அந்தப் பத்துப் பக்கத்துல என்ன குறை கண்ட? அதைச் சொல்லு மொதல்ல.

— வாசிக்கேன், கேளுங்க. ‘பொன் விளையும் பூமியாம் ஈத்தங்குளத்தில் முப்போகம் நெல் விளைந்தது.’ எந்த வருஷம் அண்ணாச்சி?

— அது அந்தக் காலம்.

— எந்தக் காலம்? நம்ம குளத்துக்கு ஆறும் கெடையாது, கால்வாயும் கெடையாது. வானத்துத் தண்ணிதான். ஐப்பசி கார்த்தியல்ல பெஞ்சா ஒரு பூ நெல்லு. பெய்யலன்னா அதுவும் இல்ல. முப்போகமாம். கோட்டிக்காரன்கூட நம்ப மாட்டான்.

— மலர்னா நாலு நல்ல வார்த்தை இருக்கத்தான் செய்யும் தாயி.

— இந்தா, அடுத்த நல்ல வார்த்தை. ‘குளத்துப் பாசனத்தால் ஊரார் அனைவரும் செழித்தனர்.’ குளத்துக்குக் கீழ எண்பது ஏக்கர் நஞ்சை. அதுல அம்பது ஏக்கர் நாலு வீட்டுக்காரனுக்கு. நாலுல ஒண்ணு உங்க வீடு. மிச்சம் முப்பதை எழுவது குடும்பம் கிழிச்சிப் பங்கு போட்டுக்கிட்டுது. அதுவும் இல்லாதவன் மேக்க செவக்காட்டுல உளுந்தையும் நிலாவாரையையும் வெதச்சிட்டு அண்ணாந்து பாத்துக்கிட்டிருந்தான். செழிச்ச அனைவரும் யாரு?

— நிலாவாரையைப் பத்தியும் எழுதியிருக்கேன்லா. ‘மருத்துவ மூலிகை ஏற்றுமதியில் முன்னோடி’ன்னு.

— ஏத்துமதி பண்ணது தூத்துக்குடி ஏவாரி. நம்ம பொம்பளையளுக்கு எலை பறிச்ச கறைதான் மிச்சம். அந்தக் கறை காயுமுன்ன அதே வெரல்ல பீடி சுத்துனாவ. ஊருல பாதி அடுப்பு எரிஞ்சது பீடிக் கூலியில. பீடின்னு ஒரு வார்த்தை இந்தப் பத்துப் பக்கத்துல உண்டுமா?

— பீடி சுத்துனது நம்ம ஊருக்குப் பெருமையா?

— பொய் பெருமையாக்கும்.

— ஏட்டிக்குப் போட்டி பேசாத. மேல போ.

— மேல போனா இன்னும் நாறும். ஏழாம் பக்கம். ‘அரசின் மரம் வளர்ப்புத் திட்டத்தால் குளத்தின் உட்பரப்பு பசுஞ்சோலையானது.’ சீமைக்கருவேலமுள்ளை சோலைன்னு எழுதுன முத ஆளு நீங்கதான். குளத்துக்குள்ள எறங்குன ஆடு பாதி ரோமத்தோடதானே திரும்பி வரும்? நீங்களும் பாத்திருக்கிய.

— அந்த முள்ளுதான் ஊரைக் காப்பாத்திச்சி. மறந்துட்டியா? எண்பத்தாறுல இருந்து ஆறு வருஷம் மழை ஒழுங்காப் பெய்யல. குளம் காஞ்சி வெடிச்சிக் கெடந்துது. முள்ளை வெட்டிக் கரி மூட்டம் போட ஏலம் விடலன்னா கோயில்ல வெளக்கு எரிஞ்சிருக்காது.

— வெளக்கா எரிஞ்சுது? சீரியல் லைட்டு எரிஞ்சுது. ஏலத் துட்டுல மூணு நாள் கோயில் கொடை, வில்லுப்பாட்டு, கரகாட்டம், மைக் செட்டு. குளத்துல தண்ணி நின்னா கரி கெடையாது. கரி இல்லன்னா கரகாட்டம் கெடையாது. ஒரு வெவசாய ஊரு, மழை பெஞ்சிறக் கூடாதுன்னு சாமி கும்பிட்ட கதை எத்தனாம் பக்கத்துல இருக்கு அண்ணாச்சி?

— அப்படி எவனும் கும்பிடல.

— வாய் விட்டுக் கும்பிடல. மனசுக்குள்ள கும்பிட்டிய. அடுத்து பத்தாம் பக்கம். ‘இன்று ஊரெங்கும் மாடி வீடுகள் எழுந்து நிற்கின்றன.’ நிக்கி, நிக்காமப் பின்ன? எல்லாத்துலயும் பூட்டு. இங்க கோலியில, ஒத்த அறையில, ஏழு பேரு கால் மடக்கிப் படுக்கவன், அங்கன போயி ரெண்டு மாடி கட்டுவான். வருஷத்துல மூணு நாள் கொடைக்குப் போயித் தூசி தட்டிட்டு வருவான். இப்பம் ஈத்தங்குளத்துல வெளையிறது பூட்டு மட்டுந்தான்.

— ஏசி முடிச்சிட்டியா? உங்கிட்ட நான் டைப் அடிக்கத்தான் குடுத்தேன். திருத்தக் குடுக்கல.

— அதனாலதான் பத்தையும் அப்படியே அடிச்சேன். உங்க ஊரு, உங்க பொய்யி, எனக்கென்னன்னு அடிச்சேன். பதினொண்ணு அப்படி இல்ல. நீங்களே வாசிங்க. உங்க கையெழுத்துதானே?

— நீ வாசி. எனக்குக் கண்ணாடி கொண்டாரல.

— கண்ணாடி சட்டைப் பையில இருக்கு. சரி, நானே வாசிக்கேன். ‘1992 கார்த்திகையில் பெய்த பெருமழையில் குளம் நிறைந்தது. கலுங்குப் பலகையை எடுத்து மிச்சத் தண்ணீரை வெளியேற்ற வேண்டிய மடைக்காரர் உறங்கிவிட்டதால் கரை உடைந்து, குளம் வற்றியது. அதன் பின்னரே ஊர் மக்கள் பிழைப்புத் தேடி மும்பை வரலாயினர்.’

— பேரு போடலையே பிள்ள.

— ஊருக்கு மடைக்காரன் எத்தனை பேரு? ஒருத்தருதான். சுடலைக்கண்ணன். எங்க அப்பா. எழுவத்தெட்டு வயசுல ஆண்டாப் ஹில் கோலியில கட்டிலோட கெடக்காவ. ஐநூறு வீட்டுக்கு மலர் போவும். எம்மவன் அஷ்வத்துக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனா எவனாவது வாசிச்சிச் சொல்லுவாம்லா, உங்க தாத்தா தூங்குனதுலதான் ஒரு ஊரே அழிஞ்சுதுன்னு. அதுக்கு எங்கையாலயே நான் அச்சு கோக்கணுமா?

— அவிய கூட்டத்துல ஒத்துக்கிட்டதுதானே?

— ஒத்துக்கிட வச்சிய. எனக்கு அப்பம் பதினாலு வயசு. அம்மை காரியம் முடிஞ்ச கையோட அப்பாவை ஊர்க்கூட்டத்துல நடுவுல நிக்கவச்சிக் கேட்டிய. ‘தூங்கிட்டேன்’னு ஒரே சொல்லு, அதுக்கு மேல தலையைத் தூக்கல. மறுநாள் கடையில எனக்கு ஒரு கைப்பிடி உப்பு குடுக்கல. கெணத்துல கயிறு குடுக்கல. அப்பாவும் நானும் ஒரு தகரப் பெட்டியோட தாதர்ல வந்து எறங்கினோம். ஊர்ல இருந்து பாம்பேக்கு வந்த முத குடும்பம் நாங்கதான். பொறவு நீங்க ஒவ்வொருத்தரா வந்து, படுக்க எடம் இல்லாம, எங்க கோலியிலதான் பாய் விரிச்சிய. அதையும் மலர்ல காணும்.

— அதை எழுதுதேன். கட்டாயம் எழுதுதேன்.

— எழுத வேண்டாம். இதை எடுங்க, போதும். ஆண்டாப் ஹில்லுல இருபத்தாறு வருஷம் வாட்ச்மேனா இருந்தாவ. ஒரு நாள் கண்ணசந்தாவன்னு ஒரு சேட்டு சொல்லட்டும். அந்த மனுசன் ஆறு வருஷம் கழிச்சி நெறஞ்ச குளத்தை விட்டுட்டுத் தூங்குவாவளா?

— சரி. வேற எப்படி ஒடஞ்சிதுன்னு நெனைக்க?

— நெனைக்கல, தெரியும். கரை ஒடையல, வெட்டுனிய. கரி ஏலக்காரன் வெட்டிப் போட்ட வெறகு பூரா தண்ணிக்குள்ள முங்கிட்டு. அவன் ஏலத் துட்டைத் திருப்பிக் கேட்டான். நீங்க அதைக் கோயிலுக்கு அலங்கார வளைவு கட்டித் தீத்தாச்சு. தண்ணியைத் தொரத்தினாத்தான் வெறகு கெடைக்கும். நாலு வீட்டுக்காரனும் கூடி வெட்டிவிட்டிய. குளத்தை வெட்டுனவன் எதிரி நாட்டுக்காரன் இல்ல, குளத்துத் தண்ணியிலயே சோறு தின்ன சம்சாரி. இப்படி ஒரு ஊரு இந்த ஒலகத்துல ஈத்தங்குளம் ஒண்ணுதான்.

— உனக்கு யாரு சொன்னா?

— அந்த நாலு வீட்டுல ஒரு வீட்டுக்கு வாக்கப்பட்ட சொர்ணம்மாள் அத்தை சாவதுக்கு முந்தி சொன்னா. இல்லன்னு சொல்லுங்க பாப்பம்.

— இல்லன்னு சொல்லல. வெட்டுனது உள்ளதுதான்.

— கேட்டியளா, உங்க வாயாலயே வந்துட்டு.

— எங்க ஐயா வெயிலுமுத்து அங்கன நின்னாவ. மத்த மூணு வீட்டுக்காரரும் நின்னாவ. நானும் நின்னேன். பத்தொன்பது வயசு எனக்கு. வெளக்குப் பிடிச்சிக்கிட்டு நின்னேன்.

— அப்பம் அதை எழுதுங்க. இப்பமே சொல்லுங்க, அடிக்கேன். நாலு பேரு பேரையும் சொல்லுங்க.

— எழுதுனா முழுசா எழுதணும் பிள்ள.

— முழுசாத்தான் எழுதணும். யாரு வேண்டாம்னா?

— நான்தான் வேண்டாங்கேன். அந்த வரியை உள்ளபடியே டைப் அடிச்சி ஃபைலைக் குடுத்துரு. காலிபீலி, தேவையில்லாமத் தோண்டாத.

— பயமா அண்ணாச்சி?

— பயந்தான். உனக்காவ.

— எனக்காவவா? முப்பத்து மூணு வருஷமா இல்லாத அக்கறை இப்பம் எங்க இருந்து முளைச்சுது? கொடை வரிச் சீட்டுல இருந்து எங்க வீட்டுப் பேரை எடுத்தப்போ எங்க போச்சு? எனக்கு ஊர்ல ஒருத்தனும் மாப்பிள்ள குடுக்க மாட்டேன்னப்போ எங்க போச்சு?

— கேளு. கரை எவ்வளவு நீளம்?

— முக்கால் மைல் இருக்கும்.

— அந்த முக்கால் மைல்ல எங்கன வெட்டுனா தண்ணி ஊருக்குள்ள ஏறாம, வயக்காட்டையும் அரிக்காம, நேரே ஓடையில விழுந்து, விடியுமுன்ன அம்புட்டும் வடியும்? எங்க ஐயாவுக்குத் தெரியுமா? அவியளுக்கு அவிய வயலுக்கு எந்த மடையில தண்ணி வருதுன்னே தெரியாது. வீட்டு நடையில ஒக்காந்துக்கிட்டு ஆளை ஏவுனவிய.

— என்ன சொல்ல வாறிய?

— ஒரு வீடு நனையல. ஒரு ஆடு சாவல. அப்படி வெட்டத் தெரிஞ்ச கை ஊருல ஒண்ணுதான் உண்டு.

— பொய்.

— மம்பட்டியை நீட்டுனது எங்க ஐயா. வாங்குனது உங்க அப்பா.

— வாயை மூடுங்க. ஒங்க வீட்டுப் பாவத்தை எங்க வீட்டு நடையில தள்ளிட்டுப் போவ வந்திருக்கிய. குளம் நெறஞ்ச அன்னைக்கு எனக்குப் பாவாடைத் துணி எடுத்துத் தாறேன்னு சொன்னாவ. நெறஞ்ச குளத்தை எதுக்கு வெட்டணும்?

— மடைக்காரனுக்குக் கூலி என்ன?

— அறுப்புல வயலுக்கு ஒரு கதிர்க்கட்டு.

— ஆறு வருஷம் அறுப்பே இல்ல. ஒரு கட்டு வரல. உங்க அம்மை ரத்தமா வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடந்தா. வெள்ளாமை வீட்டுக்கு வர இன்னும் மூணு மாசம். அவ அதுவரைக்கும் தாங்க மாட்டான்னு எல்லாருக்கும் தெரியும். எங்க ஐயா சொன்னாவ, வெட்டிவிடு, விடிஞ்ச ஒடனே கார் பிடிச்சிப் பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புதேன்னு. வெள்ளை அம்பாசிடர். மறுநாள் காலையில அம்மைகூட அதுல நீதான் போன.

— மாமா அனுப்புன காருன்னு சொன்னாவ.

— உனக்கு எந்த மாமா கார் வச்சிருந்தான் தாயி?

— பத்து நாள்ல அம்மை செத்துப் போனா.

— ஆமா. குளமும் போச்சு, அவளும் போனா.

— அப்பம் நாலு வீட்டுக்காரனும் பாத்துக்கிட்டுதானே இருந்தானுவ? நாத்துப் பாவுன எழுவது குடும்பமும் கம்போட வந்தப்போ, வெட்டச் சொன்னது நாங்கதான்னு ஒருத்தனுக்கும் வாய் வரல.

— வரல. எங்க ஐயாவுக்கு வரல. எனக்கும் வரல. உங்க அப்பா முன்ன வந்து தூங்கிட்டேன்னாவ. நாங்க அந்த ஒரு சொல்லுக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டோம். அதுக்கு நீ என்ன ஏசினாலும் கேட்டுக்கிடுதேன்.

— அவிய ஏன் அப்படிச் சொன்னாவ? நாலு பேரைக் காட்டிக் குடுத்திருக்கலாம்லா.

— காட்டிக் குடுத்தா, வெட்டுன கை யாருதுன்னு மொதல்ல கேப்பான். தூங்குன மடைக்காரன்னா மனுசன்னு விட்டுருவான். குளத்தை வெட்டுன மடைக்காரனை எவன் விடுவான்? அவன் மவளை எவன் விடுவான்?

— சரி, இப்பமாவது மழைன்னு போட்டுத் தொலைக்கலாம்லா. மழையில ஒடஞ்சிதுன்னு போட்டா உங்களுக்கும் கேடு இல்ல, எங்களுக்கும் கேடு இல்ல. இந்த மூதேவி வரி எதுக்கு?

— மழைன்னுதான் மொதல்ல எழுதுனேன். ‘இயற்கைச் சீற்றம்’னு. போன ஞாயித்துக்கெழமை நீ கடையில இருந்தப்போ ஆண்டாப் ஹில்லுக்குப் போயி வாசிச்சிக் காட்டுனேன். என் கையைப் பிடிச்சிக்கிட்டாவ. மழைன்னு போடாதடே, எம்மவளுக்கு அது பத்தாது, அவ தோண்டுவா, நான் தூங்குனேன்னே போட்டுருன்னு சொன்னது அவியதான்.

— நான் தோண்டுவேன்னு அவியளா சொன்னாவ?

— பிள்ள. அவியளேதான். எங்க ஐயாவை ஏசு, என் மூஞ்சில துப்பு. அவியகிட்ட மட்டும் போயிக் கேட்டுறாத.

— கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க அண்ணாச்சி, ஸ்க்ரீன் மறைக்கி. மடைக்காரர்னு மொட்டையா விட்டா நாளைக்கு எவனாவது யாரு எவருன்னு கெளறுவான். பேரோட அடிக்கேன். ‘மடைக்காரர் சுடலைக்கண்ணன் அன்று அயர்ந்து உறங்கிவிட்டார்.’ கண்ணாடியைப் போட்டு ஒருக்க வாசிச்சிப் பாத்துட்டு, சரின்னு சொல்லுங்க.