எதிர் நாற்காலி

அதுல வேணாம் பாஸ்டர், இந்த நாற்காலியில உக்காருங்க. ஆமா, எனக்கு நேர் எதிர்ல. சன்னல் வெளிச்சம் உங்க மூஞ்சில அடிக்கும்தான், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. சோபாவுல பக்கத்துப் பக்கத்துல உக்காந்தா ரெண்டு பேரும் பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டிருக்கிற மாதிரி இருக்கும். எங்க வீட்டுக்காரரா? வர்ற நேரம்தான். எவனாவது வண்டியைப் பின்னால எடுக்கத் தெரியாம முழிச்சுக்கிட்டிருந்தா லேட்டாகும். டிரைவிங் ஸ்கூல் வாத்தியாருன்னா அப்படித்தான்.

சபைக்கு இப்பத்தான் வந்திருக்கீங்க, மொத வீடு சந்திப்பே புகார் விசாரணையாப் போச்சு, பாவம். அவரே போன்ல மெசேஜ் போட்டுட்டாரு, பாஸ்டர் வருவாரு, பதிலை யோசிச்சு வச்சுக்கன்னு. நீங்க இழுத்து இழுத்துச் சொல்ல வேணாம், நானே சொல்லிடுறேன். அவரு நடத்துற எபிரேய வேத வகுப்புல, எல்லாருக்கும் முன்னால என்னைக் கூப்பிட்டாராம். உபாகமம் ஆறாம் அதிகாரத்தை எந்திரிச்சு வாசின்னாராம். நான் சிரிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேனாம். புருஷன் பேச்சைக் கேக்காதவ சின்னப் பிள்ளைங்களுக்கு வேதம் சொல்லிக் குடுக்கலாமான்னு கமிட்டியில கேட்டிருக்காரு. அதனால சண்டே ஸ்கூல்ல என் வகுப்பைப் பிடுங்கி வேற யாருக்காவது குடுக்கலாமான்னு யோசிக்கிறீங்க. சரியா?

டீ எடுத்துக்கோங்க. என்ன? சர்க்கரையா, போட்டிருக்கேனே. ஓ, அக்கறையா. அவருக்கு என் மேல அக்கறைன்னு சொல்றீங்க. சரி, ரெண்டும் கரைஞ்சா கண்ணுக்குத் தெரியாதுதான்.

இல்ல பாஸ்டர், அவரு கெட்டவரு இல்ல. முன்னாடியெல்லாம் ஒரு அதிகாரம் வாசிப்பாரு, ஜெபம் பண்ணுவாரு, தூங்கிடுவாரு. யாருக்கும் தொந்தரவு இல்லாத விசுவாசம். அப்புறம்தான் எபிரேயம் வந்துச்சு. வந்துச்சுன்னா, காய்ச்சல் வருமே, அந்த மாதிரி. யாரோ போன்லயே சொல்லிக் குடுக்குறாங்கன்னு சேந்தாரு. எழுத்து வலது பக்கத்துலருந்து இடது பக்கம் போகுதுன்னு தெரிஞ்ச அன்னிக்கே அவருக்குப் பாதி ஞானம் வந்துடுச்சு. எதைச் சொன்னாலும், மூலத்துல அப்படி இல்லைன்னுதான் ஆரம்பிப்பாரு. ஆதியாகமமா, மூலத்துல. சங்கீதமா, மூலத்துல. வாலிபப் பசங்க அவருக்கு மூலக்காரருன்னு பேரே வச்சுட்டாங்க. அவரு மரியாதைன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு. சிரிச்சுக்கோங்க, பரவாயில்ல. அந்த மூலத்துக்காவது மருந்து இருக்கு.

படிச்சதை வாழ்க்கையில அப்பியாசப்படுத்தணுமாம். அதுக்கு எங்க வீடுதான் பயிற்சி மைதானம். அவரு டிரைவிங் ஸ்கூல் வண்டியில அவரு பக்கமும் ஒரு பிரேக் இருக்கும், பாத்திருக்கீங்களா? வீட்லயும் அதே ஞாபகத்துல காலை அழுத்திக்கிட்டேதான் உக்காந்திருப்பாரு. ஒவ்வொரு வார்த்தையா அட்டையில எழுதி ஃபிரிட்ஜ் மேல ஒட்டுவாரு. நான் எல்லாத்தையும் படிச்சுடுவேன். எழுதி வச்சா எனக்கு வசதி.

ஷாலோம்னு ஒரு அட்டை. வெறும் சமாதானம் இல்லையாம், எதுவும் உடையாம, குறையாம, முழுசா இருக்கிறதாம். நல்ல அர்த்தமாச்சேன்னு நெனச்சு, அப்ப நம்ம சமையல்கட்டுக் குழாயில ஷாலோம் இல்லைங்க, ஒழுகுதுன்னேன். வேதத்தைக் கேலி பண்ணாதன்னுட்டாரு. அப்புறம் அது தானாவே சரியாயிடுச்சு. என்ன, அந்தப் பக்கம் பாக்குறீங்க? இன்னும் சொட்டுதா? அட, நின்னு போச்சுன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்.

கையை வாயிலருந்து எடுத்துட்டுச் சொல்லுங்க பாஸ்டர். கொட்டாவியை மறைக்கிறீங்களோன்னு எனக்குச் சந்தேகம் வருதுல்ல. ம், கீழ்ப்படிதல். அங்கதான் வர்றேன்.

ஏவாளைப் பத்தின அட்டை ஒண்ணு இருந்துச்சு. நம்ம வேதாகமத்துல ஏற்ற துணைன்னு இருக்குல்ல, மூலத்துல ஏசெர் கெனெக்தோவாம். அவனுக்கு எதிர்ல நிக்கிற உதவின்னு அர்த்தம் எழுதியிருந்தாரு. எதிர்லன்னா சண்டைக்கு இல்ல, முகத்துக்கு முகம். எனக்கு ரொம்பப் பிடிச்சுது. பின்னாலயும் இல்ல, காலடியிலயும் இல்ல, எதிர்ல. அந்த அட்டை மட்டும் சீக்கிரமே கீழ விழுந்துடுச்சு. பசை சரியில்லையாம்.

அதுக்குப் பதிலா வந்ததுதான் ஷமா. இஸ்ரவேலே கேள்னு இருக்குல்ல, அந்தக் கேள். எபிரேயத்துல கேக்குறதுக்குத் தனி வார்த்தை, கீழ்ப்படியறதுக்குத் தனி வார்த்தைன்னு கிடையாதாம். கேட்டாச்சுன்னா செஞ்சாச்சுன்னு அர்த்தமாம். இதைக் கண்டுபிடிச்ச அன்னிக்கு அவரு முகத்தைப் பாத்திருக்கணும் நீங்க, புதையல் கிடைச்ச மாதிரி. இதுக்கு எதுக்குங்க எபிரேயம்? சொன்ன பேச்சைக் கேக்குறியா இல்லையான்னு நம்ம வீட்ல திட்டு வாங்காத பிள்ளை உண்டா? தமிழ்லயும் ரெண்டும் ஒரே வார்த்தைதானே. அவரு மூலத்துக்குப் போனவரு, வழியில தமிழை எட்டிப் பாக்கல.

கேலி இல்ல பாஸ்டர். அந்த வார்த்தை பெரிய வார்த்தைதான். காதுல விழுந்தது கைக்கு வரணும்னா சும்மாவா? நானே அதைப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன். ஆமா, போன வாரம். ராத்திரியில ஆண்டவர் கூப்பிட, கிழவர் ஏலிதான் கூப்பிட்டாருன்னு சாமுவேல் பையன் எந்திரிச்சு ஓடுவானே, அந்தக் கதையை நடிச்சுக் காட்டினோம். நான்தான் ஏலி, போர்வையைப் போத்திக்கிட்டுப் படுத்திருந்தேன். சாமுவேலா நடிச்ச பிள்ளை ஓடி வந்து என் கன்னத்தைப் பிடிச்சுத் திருப்பி, கூப்பிட்டீங்களான்னு கேட்டுச்சு. எங்க வகுப்புல எல்லாமே அப்படித்தான், கன்னத்தைப் பிடிச்சுத் திருப்பித்தான் பேசும். யாரும் சொல்லிக் குடுக்கல, அதுங்களே கண்டுபிடிச்சுக்கிச்சுங்க. அதனாலதான் அந்த வகுப்பை விட மனசு வரமாட்டேங்குது. எனக்கு ஒரு வார்த்தைகூட விட்டுப்போகாத இடம் இப்ப அது ஒண்ணுதான்.

அப்ப ஒரு வாயாடி கேட்டா, மூணு தடவை கூப்பிட்டும் அந்தப் பையனுக்குப் புரியலையே, ஆண்டவருக்குக் கோவம் வரலையான்னு. நான் வாசிச்சுக் காட்டினேன். நாலாவது தடவை என்ன பண்ணினாரு? வந்து நின்னு கூப்பிட்டாருன்னு இருக்கு. இவன் கீழ்ப்படியாத பயல்னு ஏலிக்கிட்டப் புகார் குடுக்கல. கிட்ட வந்து நின்னாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச வேத ஆராய்ச்சி.

என்ன, வாசலைப் பாக்குறீங்க? காலிங்பெல்லா? நீங்க திரும்பினீங்க, அதை வச்சுத்தான் கேக்குறேன். அப்ப அவராத்தான் இருக்கும். சாவியை வண்டியிலயே போட்டுட்டு வருவாரு. போன வாரமும் இப்படித்தான், பெல்லை அழுத்தி அழுத்திப் பாத்துட்டுச் சமையல்கட்டு வழியா சுத்தி வந்தாரு. நான் வேணும்னே திறக்கலையாம். புகார்ல அதுவும் இருக்குமே? இருக்குதா, பாத்தீங்களா.

ஒரு நிமிஷம் நிக்கட்டும், அவருக்கு ஒண்ணும் ஆகாது. எனக்கு வலது காது சுத்தமாப் போயிடுச்சு பாஸ்டர். இடது காதும் மூட்டை கட்டிக்கிட்டிருக்குன்னு காது டாக்டர் சொல்லிட்டாரு. இவ்வளவு நேரம் உங்க உதட்டைப் பாத்துத்தான் பேசிக்கிட்டிருந்தேன். நல்ல வேளை, நீங்க மீசை வைக்கல. அன்னிக்கு வகுப்புல அவரு பலகைப் பக்கம் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டுக் கூப்பிட்டிருக்காரு. எல்லாரும் சிரிச்சாங்க. ஏதோ ஜோக்குன்னு நெனச்சு நானும் சிரிச்சேன். என்னைப் பத்தித்தான் சிரிச்சாங்கன்னு பக்கத்து வீட்டு அக்கா அப்புறமா எழுதிக் காட்டினாங்க.

அவருகிட்டயா? சொன்னேனே. ஹெட்போனை மாட்டிக்கிட்டுப் பாடம் கேட்டுக்கிட்டிருந்தாரு. எனக்குக் காது கேக்கலைங்கன்னேன். ஆமென்னாரு. வாயசைவை வச்சுத்தான் சொல்றேன், வேற ஏதாவது நல்ல வார்த்தையாக்கூட இருக்கலாம்.

தமிழ்ல கேக்குறதுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்குல்ல பாஸ்டர். ஏன் எந்திரிக்கல, என்ன ஆச்சு உனக்குன்னு கேக்குறது. கமிட்டியில கேட்டாரு, உங்களைக் கேட்டாரு. என்னை மட்டும்தான் கேக்கல.

மறுபடி அடிக்கிறாரா? சரி, நீங்களே போய்த் திறங்க. நான் சொன்னதை நீங்க சொல்லிடாதீங்க, நானே இன்னொரு தடவை சொல்லிக்கிறேன். நீங்க சோபாவுக்கு மாறிக்கோங்க. அவரை இந்த நாற்காலியில, என் எதிர்ல உக்கார வைங்க. வரமாட்டேன்னு முரண்டு பிடிச்சா கெனெக்தோன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எபிரேயத்துல சொன்னா உக்காந்துடுவாரு.